நாலு கை வேலை

விசில் மாஸ்டருக்கு ஏப்ரன் கட்டத் தெரியவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் ஆயிரம் பிள்ளைகளை ஒரே ஊதலில் நிறுத்தி வைக்கும் மனுஷன். சம்பளம் வாங்கும் இடத்தில்தான் அவர் உடற்பயிற்சி ஆசிரியர்; ஊருக்கு விசில் மாஸ்டர். அப்பேர்ப்பட்டவர், முதுகுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு நாடாவைப் பிடித்து முடிச்சுப் போட முடியாமல், தன் மனைவியின் பல் கிளினிக்கில் கண்ணாடி முன்னால் நின்று வட்டம் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, ஏப்ரன் கட்டுறீங்களா, பம்பரம் விடுறீங்களா?”

டாக்டரம்மா பின்னால் வந்து ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டாள். மாஸ்டர் பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

“இது ரொம்ப இறுக்குது. அதோ ஆணியில ஒண்ணு தொங்குதே, அதை எடுத்துக்கட்டுமா?”

“அதைத் தொடாதீங்க.”

குரலில் கத்தி இருந்தது. மாஸ்டர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அது சின்னவளின் ஏப்ரன்.

சின்னவள் மாஸ்டரின் கூடப்பிறந்த தங்கை. பத்து வருஷமாக இந்தக் கிளினிக்கில் அண்ணிக்கு உதவியாளர். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் காலை முதல் சாயங்காலம் வரை ஒற்றுமையாக வேலை பார்த்தார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? ஊர் நம்பியது. கண்ணால் பார்த்ததால் நம்பியது. மூன்று வாரத்துக்கு முன் அந்த ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவள் படியிறங்கிப் போனதையும் அதே ஊர்தான் பார்த்தது.

காரணம் ஒரே ஒரு வாக்கியம்.

தெருமுனையில் புதிதாக ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரி வந்திருந்தது. எல்லோரும் அதை ‘மூணு மாடி’ என்றார்கள். ஊரில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. டாக்டர் பக்கத்தில் நின்று கைகொடுக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். மூணு மாடிக்காரர்கள் அப்படி இருந்த நாலைந்து பேரையும் வளைத்துப்போட்டார்கள். சின்னவளுக்கும் அழைப்பு வந்தது. “கூப்பிடறாங்க அண்ணி, போகவா?” என்று அவள் விளையாட்டாகக் கேட்டாள். போகாதே என்று அண்ணி வாயால் கேட்க அவளுக்கு ஆசை.

அண்ணி அப்போது ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. வெளியே கூடம் நிறைய ஆட்கள். “போறதுன்னா போ. நீ இல்லேன்னா இன்னொருத்தி,” என்றாள்.

சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே ஏப்ரன் ஆணிக்குப் போனது, அவள் மூணு மாடிக்குப் போனாள்.

அந்த ‘இன்னொருத்தி’ தான் இன்றுவரை கிடைக்கவில்லை. விளம்பரம் பார்த்து மூன்று பேர் வந்தார்கள். முதலாமவள் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாள். நாற்காலியிலிருந்து நோயாளி எழுந்துவந்து அவளுக்குத் தண்ணீர் தெளித்தார். இரண்டாமவள், இதை வீட்டிலிருந்தபடியே பார்க்க முடியுமா என்று கேட்டாள். மூன்றாமவள் தங்கமான பெண். மத்தியானம் சாப்பிடப் போனவள் மூணு மாடியில் சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தாள்.

அதனால்தான் மாஸ்டர். பள்ளிக்கூடம் விடுமுறை. திங்கட்கிழமை திறந்துவிடும். இன்று சனி.

“திங்கட்கிழமை என்ன பண்ணுவே?” என்றார் மாஸ்டர், கையுறையை மாட்ட முயன்றபடி. இரண்டு விரல் ஒரே ஓட்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா கருவிகளைத் தட்டில் அடுக்கினாள். “கதவைச் சாத்த வேண்டியதுதான். மூணு மாடியில எனக்கும் ஒரு நாற்காலி போட்டுத் தர்றதா அந்த மேனேஜர் சொல்லி அனுப்பிட்டார். திங்கட்கிழமை காலையில பதில் சொல்லணும்.”

“உன் கிளினிக்கை விட்டுட்டா?”

“ரெண்டு கைய வெச்சுக்கிட்டு என்ன செய்ய? இது நாலு கை வேலைங்க.”

“சின்னவளுக்கு ஒரு போன்...”

“நான் போட மாட்டேன். நீங்களும் போடக் கூடாது.”

ரோஷம்! இவளுக்கு மூக்கு மேல் இருந்தது என்றால் அவளுக்குத் தலைக்கு மேல் இருந்தது. நடுவில் ஒரு மனுஷன் மூன்று வாரமாக இரண்டு பக்கமும் ‘ம்’ கொட்டிக்கொண்டு கிடந்தார். தங்கை வீட்டுக்குப் போனால் அண்ணியைப் பற்றி அவள் கேட்க மாட்டாள். ஆனால் அவர் தானாகச் சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பாள்.

முதல் ஆளாகப் பேக்கரிக்காரர் வந்தார். அன்று அந்த வாக்கியம் விழுந்தபோது வாயைத் திறந்து படுத்திருந்தவர் இவர்தான். வேர் சிகிச்சையில் கடைசித் தவணை இன்று.

டாக்டரம்மா குனிந்தாள். மாஸ்டர் பக்கத்தில் விறைப்பாக நின்றார். ஐந்து நிமிஷம் போயிருக்கும். டாக்டரம்மா பார்வையைப் பல்லிலிருந்து எடுக்காமல் வலது கையை மெல்ல நீட்டி, விரலை விரித்தாள்.

மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படித் தானாகக் கை நீட்டியதில்லை. பகல் வேளையில், அதுவும் பேக்கரிக்காரர் முன்னால்! இருந்தாலும் மனைவி நீட்டிய கையை மறுக்கலாமா? தன் கையை அதற்குள் வைத்து மென்மையாக அழுத்தினார்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள்.

“என்னங்க பண்றீங்க?”

“நீதானே நீட்டினே...”

“பஞ்சு கேட்டேங்க, பஞ்சு!”

வாய்க்குள் இத்தனை சாமானோடு ஒருவரால் சிரிக்க முடியும் என்று பேக்கரிக்காரர் அன்று நிரூபித்தார். நாற்காலியே குலுங்கியது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அவர் சிரித்து ஓயும்வரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

“வாயைத் திறந்து கேட்டாத்தானே தெரியும்?” என்றார் மாஸ்டர், காது சிவந்து.

“டாக்டர் வாயைத் திறக்கவே மாட்டாங்க மாஸ்டர். திறக்கறதெல்லாம் நான்தான்,” என்றார் பேக்கரிக்காரர். “கையை நீட்டுவாங்க, வேணுங்கறது வந்து உக்காரும். உங்க தங்கச்சி கை அப்படி.”

டாக்டரம்மாவின் முகம் மாறியது. “திறங்க,” என்றாள், வேலையில் குனிந்துகொண்டு.

பேக்கரிக்காரருக்கு முடிந்தது. இன்னும் இரண்டு பேருக்கு முடிந்தது. மாஸ்டர் பஞ்சுக்குப் பதில் நூலைக் கொடுத்தார், எச்சில் உறிஞ்சும் குழாயால் ஒரு ஆசிரியையின் உதட்டைப் பிடித்திழுத்தார். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை நாளும் மனைவியின் வேலை என்பது அவரைப் பொறுத்தவரை சாயங்காலம் வாசலில் அவள் கழற்றும் செருப்புச் சத்தம்தான். இன்று ஒரு விரற்கடை இடத்துக்குள், நாக்கும் உமிழ்நீரும் பயமும் நெளிகிற இருட்டுக்குள், அவள் விரல்கள் ஒரு தரம்கூட நடுங்காமல் போய்வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அடேயப்பா, இவளா நம் வீட்டில் பேனா மூடியைத் தேடுகிறவள் என்று நினைத்துக்கொண்டார். பெருமையாக இருந்தது. இதையா பூட்டப்போகிறோம் என்றும் தோன்றியது.

மத்தியானம் நெருங்கும்போது வெளிக்கதவு படாரென்று திறந்தது.

ஓர் அம்மா, இடுப்பில் தூக்க முடியாத வயசுள்ள பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளையின் வாயெல்லாம் ரத்தம். சட்டையில் ரத்தம்.

“சைக்கிள்ல இருந்து விழுந்துட்டா! பல்லு... பல்லு மொத்தமா வந்திடுச்சு!”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஆளுக்கொரு யோசனை. அந்த அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மகளை இறக்கிவிட்டு, கைக்குட்டையைப் பிரித்து, பல்லைப் பார்த்தாள். “ஐயோ, மண்ணா இருக்கே!” என்று நேரே மூலையில் இருந்த குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். கட்டைவிரலை வேரில் வைத்துத் தேய்க்கப் போனாள்.

ஃபீஈஈஈப்!

கூடமே உறைந்தது. தெருவில் போன ஒருவர்கூட நின்றுவிட்டார்.

உள்ளேயிருந்து ஓடிவந்த மாஸ்டர், கழுத்தில் தொங்கிய விசிலை வாயிலிருந்து எடுத்தார். “தேய்க்காதீங்கம்மா! வேரைத் தொடாதீங்க! மேல் பக்கத்தைப் பிடிச்சு எங்கிட்ட கொடுங்க!”

ராத்திரிச் சாப்பாட்டில் டாக்டரம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! விழுந்த பல்லின் வேரில் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் போச்சு, பாலில் போட்டுச் சீக்கிரம் கொண்டுவந்தால் திரும்ப உட்காரவைக்கலாம் என்று. “சாப்பிடும்போது பல் பேச்சு வேண்டாமே” என்று அவரும் அத்தனை தடவை அலுத்துக்கொண்டிருக்கிறார். காது மட்டும் கேட்டு வைத்திருந்தது போல. காபிக்கு வாங்கி வைத்த பாலை டம்ளரில் ஊற்றி, பல்லை அதில் நழுவவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

டாக்டரம்மா டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “என் பேச்சையும் ஒருத்தர் கேட்டிருக்கார்,” என்றாள்.

பிள்ளை நாற்காலியில் ஏறியது. முளைத்து ஒன்றிரண்டு வருஷமே ஆன மேல் முன்பல். இது போனால் இன்னொன்று முளைக்காது. டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டாள், பள்ளத்தைக் கழுவினாள், பல்லை மேல்பக்கமாகப் பிடித்து, அழுத்தாமல், அவசரப்படாமல், இருந்த இடத்தில் ஏற்றினாள். பல் உள்ளே போய் உட்கார்ந்தது.

“உட்கார்ந்துடுச்சு!” என்று மாஸ்டர் கூவினார்.

“இன்னும் கட்டலீங்க. பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கம்பி ஒட்டணும். இல்லேன்னா ராத்திரிக்குள்ள திரும்ப வந்துடும். இடம் சொட்டு ஈரம் இல்லாம இருக்கணும். குழாயைப் பிடிங்க.”

மாஸ்டர் பிடித்தார். பிள்ளை தேம்பியது, நாக்கு ஓடிவந்து பல்லைத் தொட்டது. குழாய் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை அலறித் தலையைத் திருப்பியது. முடி மாதிரி இருந்த கம்பி எங்கேயோ தெறித்தது. துடைத்தார்கள். மறுபடியும் பிடித்தார். உதட்டைப் பிடித்தால் குழாய் நழுவியது. குழாயைப் பார்த்தால் உதடு மூடிக்கொண்டது. ஒட்டுகிற பிசின் ஈரத்தில் வழிந்து பாழாயிற்று. மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது. பிள்ளையின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா ஒரு கையால் பல்லைத் தாங்கிப் பிடித்தபடி நிமிர்ந்தாள். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

“போனை எடுங்க. அவளுக்குப் போடுங்க. என் காதுல வைங்க.”

யாருக்கு என்று மாஸ்டர் கேட்கவில்லை. எண்ணை அழுத்தி மனைவியின் காதில் வைத்தார். மணி போனது, சின்னவள் எடுத்தாள்.

“அண்ணா?”

“நான்தான்,” என்றாள் டாக்டரம்மா. “குழந்தை. மேல் முன்பல்லு. உள்ளே வெச்சுட்டேன். கட்டணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “எங்கிட்ட கை ரெண்டுதான் இருக்கு.”

அந்தப் பக்கம் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் போன் நின்றுவிட்டது.

“வெச்சுட்டா,” என்றாள் டாக்டரம்மா. அவள் முகத்தைப் பார்க்க மாஸ்டருக்குத் திராணியில்லை. தங்கை என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

ஆத்திரம் அடங்குவதற்குள் படியில் செருப்பு தடதடத்தது.

சின்னவள்! மூணு மாடியின் நீலச் சீருடை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவந்திருக்கிறாள். நெஞ்சு ஏறி இறங்கியது. அண்ணனையும் பார்க்கவில்லை, அண்ணியையும் பார்க்கவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆணியிலிருந்த ஏப்ரன் ஒரே வீச்சில் அவள் மேல் ஏறியது. கையுறையை மாட்டியபடியே தன் பழைய முக்காலியை அது இருக்கும் இடம் பார்க்காமலே காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சைக்கிளுக்கு அடி பட்டுச்சா?” என்றாள் பிள்ளையிடம்.

தேம்பல் நின்றது. உலகத்தில் ஒருத்தராவது முக்கியமான கேள்வியைக் கேட்டார்களே என்பது போல அந்தப் பிள்ளை தலையாட்டியது.

“என்ன கலர்? பேசாதே, கைய மட்டும் காட்டு. அந்த டப்பா கலரா? சரி. மூக்கால மூச்சு விடு. நாக்கு வீட்டுக்குள்ள இருக்கட்டும், வெளிய வர வேண்டாம்.”

நாக்கு வீட்டுக்குள் போய்விட்டது.

டாக்டரம்மா பார்க்காமல் கையை நீட்டினாள். பஞ்சு வந்தது. நீட்டினாள். கம்பி, அளவாக வெட்டி, வளைவு கொடுத்து வந்தது. நீட்டவில்லை, அதற்கு முன்பே பிசின் வந்து காத்திருந்தது. ஒருத்தி உதட்டைத் தாங்கினால் இன்னொருத்தியின் குழாய் தானாக ஒதுங்கியது. பிசினை இறுகவைக்கும் நீல ஒளி பட்டது, அணைந்தது, அடுத்த பல்லுக்கு நகர்ந்தது. ஒரு வார்த்தை இல்லை.

மாஸ்டர் சுவரோடு சாய்ந்து நின்றார். தொடர் ஓட்டத்தில் கம்பு கைமாறுவதைப் பிள்ளைகளுக்கு அவர் வருஷக்கணக்கில் கற்றுக்கொடுக்கிறார். திரும்பிப் பார்க்காதே, கையை நீட்டு, வரும் என்று நம்பு என்று தொண்டை கிழியக் கத்துவார். ஒரு பயலும் நம்ப மாட்டான். திரும்பிப் பார்த்துக் கோட்டை விடுவான். இதோ, மூன்று வாரமாக முகத்தில் முழிக்காத இரண்டு பேர், ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவர் மனைவி, ஒருத்தி அவர் தங்கை. அவருக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளப் போய்க் கையுறையை மூக்கில் இடித்துக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இன்னும் இரண்டு நீலச் சீருடைகள் நின்று எட்டிப் பார்ப்பதை அப்போதுதான் கவனித்தார்.

“முடிஞ்சுது,” என்றாள் டாக்டரம்மா.

பிள்ளைக்குக் கண்ணாடி காட்டினார்கள். வீங்கிய உதட்டுக்கு நடுவே பல் இருந்த இடத்தில் பல் இருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கம்பியை எடுக்கணும், வேர் பிடிக்கிறதா என்று அதுவரை பார்த்துக்கொண்டே இருக்கணும், தடுப்பூசி போட்டுவிடுங்கள், கடிக்கிற எதையும் கொடுக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னதெல்லாம் அந்த அம்மாவின் காதில் விழுந்ததோ என்னவோ. அவள் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சின்னவள் கையுறையை உரித்தாள். ஏப்ரனைக் கழற்றி, மடிப்பு நீவி, ஆணியில் மாட்டினாள்.

“நேரமாச்சு. வர்றேன்,” என்றாள். யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

அவள் கூடத்தைக் கடப்பதற்குள் டாக்டரம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். “நில்லு.”

கூடம் நிறைய ஆட்கள். காலையில் வந்த பேக்கரிக்காரர்கூடப் போகவில்லை. நடப்பதைப் பார்க்காமல் போக அவருக்கு மனசில்லை. மரத்துப்போன பாதி வாயோடு உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்குக் கதவு திறந்திருந்துது,” என்றாள் டாக்டரம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. “நீ இல்லேன்னா இன்னொருத்தின்னு சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க. இன்னிக்கும் திறந்துதான் இருக்கு, இதையும் கேட்டுக்குங்க. இன்னொருத்தி கிடையாது. ஆள் கிடைக்காததால சொல்றேன்னு நினைச்சுக்காதே சின்னவளே. தெருமுனை வரைக்கும் ஆளுங்க வரிசைல நின்னாலும் நான் உன்னைத்தான் கேட்பேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். போகாதே.”

சின்னவள் உதட்டைக் கடித்தாள். கடித்தும் பயனில்லை, கண்ணீர் கடகடவென்று இறங்கிவிட்டது.

“இதை ஒரு வார்த்தை... அன்னிக்கே...”

“தெரியும். வாய் வரல.”

“எனக்கும்தான் அண்ணி. அடுத்த நாளே திரும்பி வந்திருப்பேன். கால் வரல.”

பேக்கரிக்காரர் கைதட்டினார். வாயோரம் எச்சில் வழிந்தது அவருக்கே தெரியவில்லை. மாஸ்டர் கை தன்னால் விசிலுக்குப் போயிற்று. டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்தாள். கை இறங்கியது.

“வர்றேன் அண்ணி,” என்றாள் சின்னவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “ஆனா தனியா வர மாட்டேன்.”

அவள் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். வெளியே நின்ற இரண்டு பெண்களும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள்.

“நான் ஓடி வந்ததும் என்னமோன்னு பின்னாடியே வந்துட்டாங்க. அங்கயும் ஆள் பத்தலை அண்ணி. ஒருத்தி நாலு நாற்காலிக்கு ஓடறா. எந்த டாக்டர் எங்க நிப்பாரு, எதைக் கேப்பாருன்னு பழகறதுக்குள்ள வேற மாடிக்கு அனுப்பிடறாங்க. இவங்க ரெண்டு பேரும் இந்த வேலையே வேண்டாம்னு கிளம்ப இருந்தாங்க. நான்தான் சொன்னேன், ஒரு இடம் இருக்கு, அங்க வேலை எப்படி நடக்குதுன்னு ஒரு தரம் பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்கன்னு.”

“நீயா சொன்னே? எம்மேல அவ்வளவு கோபமா இருக்கறப்பவா?”

“கோபம் வேற அண்ணி, பெருமை வேற. மூணு வாரமா அங்க உங்களப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன். கேட்டுப் பாருங்க.”

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். நிறையவே கேட்டிருக்கிறார்கள் என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது.

டாக்டரம்மா மூன்று பேரையும் பார்த்தாள். உள்ளே திரும்பிப் பார்த்தாள். காலையில் ஒரு ஜோடிக் கைக்கு வழியில்லாமல் கதவைப் பூட்டப் பார்த்தவள்.

“எங்கிட்ட நாற்காலி ஒண்ணுதான்டி இருக்கு,” என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

யாரும் பதில் சொல்வதற்குள் சின்னவளின் சீருடைப் பையில் போன் அலறியது. எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“மேனேஜர்.”

மற்ற இரண்டு பெண்களும் சுவரோரமாக ஒதுங்கினார்கள். மாஸ்டர் தன்னையறியாமல் தங்கைக்கு முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தார்.

டாக்டரம்மா அடுத்த நோயாளியின் விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. வலது கையை மெல்ல நீட்டி, விரலை விரித்தாள்.

இந்தத் தடவை மாஸ்டர் பேசாமல் நின்றார். சின்னவள் போனை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

“வணக்கம், சொல்லுங்க,” என்றாள் டாக்டரம்மா. “ஆமா. மூணு பேரும் எங்கிட்டதான் இருக்காங்க.”